நமீபியாவின் கடலோரப் பாலைவனத்தில் ஒரு வாரம்: மணலைத் தவிர என்ன இருக்கிறது?

கேட்டவர் ஆகஸ்டில் குடும்பத்தோடு நமீபியாவின் கடலோர ஊரான ஸ்வாகோப்மண்டுக்குப் போகிறாராம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மணல், ஒரு வாரம் அங்கே என்ன செய்வது, பிள்ளைகளுக்குச் சலித்துவிடாதா, அதிகம் நடக்க முடியாத அம்மாவுக்கு என்ன வழி என்று கேட்டிருக்கிறார். நான் இரண்டு வருடத்துக்கு முன் இதே ஆகஸ்டில் அந்த ஊரில் ஒன்பது நாள் தங்கியிருந்தேன். பார்த்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

பாலைவனம்தானே என்று நான் பெட்டி நிறைய மெல்லிய பருத்திச் சட்டைகளை அடைத்துக்கொண்டு போனேன். முதல் நாள் காலை கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. அவ்வளவு மூடுபனி. அன்று முதலில் பார்த்த இடம் மணல்மேடு அல்ல, ஸ்வெட்டர் கடை. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். காலைக்கு ஒரு கனமான ஜாக்கெட், மதியத்துக்குத் தொப்பி, இரண்டும் ஒரே பையில் இருக்கட்டும்.

இந்தப் பனிக்குக் காரணம் கடல்தான். பெங்குவேலா நீரோட்டம் தெற்கிலிருந்து குளிர்ந்த நீரைக் கரையை ஒட்டியே வடக்கே கொண்டுவருகிறது. கடல்மேல் வரும் ஈரக்காற்று அந்தக் குளிர் பட்டுப் பனியாகத் திரள்கிறது. மழையாக மாறுவதில்லை, அப்படியே நிலத்துக்குள் நகர்ந்துவிடுகிறது. வருடத்துக்கு 20 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாத இடத்தில் பனி மட்டும் நூறு நாளுக்கு மேல் வருகிறது. இந்தப் பாலைவனத்தின் பரந்த மணல்மேட்டுப் பகுதியான நமீப் மணற்கடலுக்கு 2013இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தபோது குறிப்பிட்டுச் சொல்லப்பட்ட விஷயங்களில் இந்தப் பனியும் ஒன்று.

அதனால் உங்கள் நாளைக் கடிகாரத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள், பனியையும் காற்றையும் பார்த்துப் பிரியுங்கள். நான் இருந்த நாட்களில் பெரும்பாலும் பத்து, பதினொரு மணிக்குப் பனி விலகியது. மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்து மணலை முகத்தில் வாரி அடித்தது. அதற்குள் வெளி வேலைகளை முடித்துவிட்டால் நிம்மதி.

ஒரே ஒரு காரியத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், காலையில் ஒரு வழிகாட்டியோடு மணல்மேட்டு உயிரினங்களைப் பார்க்கப் போங்கள். அரை நாள் சுற்று. முதல் அரை மணி நேரம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வெறும் மணல். வழிகாட்டி வண்டியை நிறுத்துவார், இறங்குவார், தரையைப் பார்ப்பார், மறுபடி ஏறிக்கொள்வார். அப்புறம் ஓரிடத்தில் இறங்கியவர் குனிந்து, கையால் மெதுவாகத் தோண்டி, உள்ளங்கையில் ஒரு பல்லியை எடுத்துக் காட்டினார். வெளிர் ரோஜா நிறம், தோல் வழியாக உள்ளே இருப்பது தெரிகிறது, கால்விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போலச் சவ்வு. மணலைத் தோண்டத்தான் அந்தச் சவ்வு. கண்ணுக்கு இமை கிடையாது, நாக்கை நீட்டித் தானே துடைத்துக்கொள்கிறது. இரவில் நடமாடும் பிராணி என்பதால் வெயில் படாமல் தன் நிழலிலேயே வைத்துக் காட்டிவிட்டு, இரண்டே நிமிடத்தில் திரும்பப் புதைத்துவிட்டார். அந்த அக்கறை எனக்குப் பிடித்திருந்தது. பிராணியைக் கைக்குக் கை மாற்றிப் படம் எடுக்கவிடும் வழிகாட்டி கிடைத்தால் ஆளை மாற்றுங்கள்.

அதன் பிறகு கண் பழகிவிட்டது. மணலில் சாய்வாக ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோடுகள் கிடந்தால் அது பக்கவாட்டில் நகரும் குட்டி விரியன். ஒரு சாண் நீளம்தான் இருக்கும். கண்கள் தலையின் உச்சியில் இருப்பதால், உடம்பு முழுக்க மணலுக்குள் போனாலும் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். விஷம் உண்டு, பிள்ளைகளை நாலடி தள்ளியே நிறுத்துங்கள். இங்குள்ள பச்சோந்தி மரத்தில் அல்ல, தரையில் நடப்பது. காலைக் குளிரில் வெயிலைப் பிடித்துக்கொள்ளக் கறுப்பாக நிற்கிறது, சூடேற ஏற வெளுக்கிறது. நாங்கள் பார்த்த ஒன்று வெயில் பட்ட பக்கம் கறுப்பாகவும் மறுபக்கம் வெளிறியும் இருந்தது. என் மகன் அதற்கு முன் உட்கார்ந்தவன் இருபது நிமிடம் எழவே இல்லை. சலிக்குமா என்று கேட்டீர்கள் அல்லவா, பச்சோந்தி நாக்கை வீசி ஒரு வண்டைப் பிடித்ததைப் பார்த்தபின் அவன் கைபேசியையே கேட்கவில்லை.

பார்க்கக் கொடுத்துவைக்காததும் ஒன்று உண்டு. பனி வரும் காலையில் மேட்டின் உச்சிக்கு ஏறி, தலையைக் கீழே வைத்து, பின்புறத்தைக் காற்றுக்குத் தூக்கி நிற்கும் ஒரு கறுப்பு வண்டு. முதுகில் படியும் பனி துளியாகி வாய்க்கு வழிய, அதைக் குடிக்கும். நான் அதன் காலடித் தடத்தை மட்டும்தான் பார்த்தேன்.

மணலில் சறுக்குவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மெழுகு தேய்த்த மெல்லிய பலகையில் குப்புறப் படுத்து, முன்விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வாயை மூடிக்கொள்ளுங்கள், நான் மூடவில்லை. இறங்க அரை நிமிடம், திரும்ப ஏற இருபது நிமிடம். ஏறும்போது சரிவில் நேராக ஏறாமல் மேட்டின் முதுகுக் கோட்டிலேயே, முன்னால் போனவர் கால் பதித்த குழியில் கால் வைத்துப் போனால் பாதி மூச்சு மிச்சமாகும். நான்கு சக்கர பைக் சவாரி எனக்குப் பெரிதாகப் படவில்லை. போவதானால் அனுமதித்த மணல் பகுதிக்குள் மட்டும் போங்கள். ஊரைச் சுற்றியுள்ள சரளைச் சமவெளி வெறும் கல்லாகத் தெரியும். அதன்மேல் படர்ந்திருக்கும் லைக்கன்கள், அதாவது பாசியும் பூஞ்சையும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர்கள், பனியைக் குடித்து மிக மெதுவாக வளர்பவை. ஒரு முறை டயர் ஏறினால் அந்தத் தடம் பல பத்தாண்டுகள் அழியாது.

வால்விஸ் பேயில் கயாக் படகு உண்டு. ஸ்வாகோப்மண்டிலிருந்து 35 கிலோமீட்டர் தூரத்துக்குள்தான் அந்த ஊர். காற்று எழுமுன் காலையிலேயே போய்விட வேண்டும். கடல்நாய்க் குட்டிகள் துடுப்பைக் கடித்து விளையாட வரும். நீந்தலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், தண்ணீர் ஐஸ். கடல்நாய்களைக் கூட்டமாகப் பார்க்க ஸ்வாகோப்மண்டுக்கு வடக்கே 120 கிலோமீட்டரில் கேப் கிராஸ் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கிடக்கும். நாற்றம் இரண்டு நாள் சட்டையை விடாது. என் மனைவி வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

மணல்மேடு நேராகக் கடலுக்குள் இறங்கும் சாண்ட்விச் ஹார்பருக்கு உள்ளூர் ஓட்டுநரோடு மட்டுமே போங்கள். கடல் உள்வாங்கியிருக்கும் சில மணி நேரத்தில், ஒரு பக்கம் மணல்மலை மறுபக்கம் அலை, நடுவே ஒரு வண்டி போகும் அகலம்தான். எனக்கு ஓட்டத் தெரியும் என்ற கர்வத்தில் அதற்கு முந்தைய நாள் வாடகை வண்டியை வேறொரு கடற்கரை மணலில் இறக்கி, அச்சு வரை புதைத்துவிட்டேன். ஒரு மணி நேரம் தோண்டினேன், சக்கரம் இன்னும் கீழே போனது. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, குந்தி உட்கார்ந்து நான்கு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினார். வண்டி தானாக ஏறி வந்தது. டயர் தட்டையானால் அகலம் கூடும், மணலில் அமுங்காது. மறுபடி தார்ச்சாலை ஏறியதும் காற்றை நிரப்ப ஒரு பம்பு கையில் இருக்க வேண்டும். அதுவும் என்னிடம் இல்லை, அது தனிக் கதை.

ஆகஸ்ட் என்பதால் இன்னொன்று. அது அங்கே குளிர்காலம், எப்போதாவது கிழக்குக் காற்று வரும். உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் காற்று இறங்க இறங்கச் சூடாகி, நேற்று ஸ்வெட்டர் போட்ட ஊரில் இன்று 35 டிகிரி, கூடவே மணல். அன்று மேட்டுப் பக்கம் போகாதீர்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

சரி, அம்மாவுக்கு. நடக்காமலே பார்க்க முடிகிற விஷயங்கள் நிறைய. வெல்விட்சியா செடிகள் இருக்கும் பகுதிக்கு வண்டியிலேயே போகலாம். வாழ்நாள் முழுக்க இரண்டே இலைதான். காற்று அதைக் கிழித்துக் கிழித்து நாராக்கிவிடுவதால் பத்து இலை போலத் தெரியும். ஆயிரம் வருடம் தாண்டியவைகூட உண்டு. தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அனுமதிச் சீட்டை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் அம்மாவுக்கு நான் சொல்வது வால்விஸ் பே காயல்தான். கரையோரம் சமதளமான நடைபாதை இருக்கிறது. கடல் ஏறும் நேரம் பார்த்துப் போங்கள். வற்றியிருக்கும்போது பூநாரைகள் தூரத்துச் சேற்றில் ரோஜாப் புள்ளிகளாக இருக்கும், தண்ணீர் ஏற ஏறக் கரைப் பக்கம் ஒதுங்கும். ஒரு மடக்கு நாற்காலியும் பைனாகுலரும் கொண்டுபோங்கள். கால்மேல் போட ஒரு போர்வையும் வேண்டும், அங்கே ஐந்து மணிக்கே குளிர ஆரம்பித்துவிடும்.