கேளுங்க சொல்றேன்: 'ஸ்கனு'வா 'ஸ்கோனிங்கா'வா?

கேள்வி: என் பையன் லிதுவேனியால, கவுனாஸ் ஊர்ல மெடிசின் படிக்கிறான். வீட்டு ஓனரம்மா அடிக்கடி ஏதாவது சமைச்சு குடுக்குறாங்களாம். "குட் குட்னு சொல்லி எனக்கே அலுத்துப்போச்சும்மா, அவங்க பாஷைல எப்படி சொல்றது"ன்னு கேக்குறான். நீங்க அந்த நாட்டுத் தலைநகர் வில்னியஸ்ல ரெண்டு வருஷம் இருந்தவங்களாச்சே, சொல்லுங்களேன். (ஒரு அம்மா, ஈரோடு)

பதில்: "லபாய் ஸ்கனு"ன்னு சொல்லச் சொல்லுங்கம்மா, போதும். லபாய்னா ரொம்ப, ஸ்கனுன்னா ருசியா இருக்கு. எந்தப் பதார்த்தத்துக்கும் ஒத்துப்போகும், ஆண்பால் பெண்பால் பாக்க வேண்டாம். ஆனா சாப்பாட்டோட பேரைச் சொல்லிப் பாராட்டணும்னா மட்டும் பால் பாக்கணும், சீஸ் அவங்களுக்கு ஆண்பால் அதனால ஸ்கனுஸ், சூப் பெண்பால் அதனால ஸ்கனி. இதுல தான் நான் மாட்டுனேன். ஒரு வீட்டுல ஷல்திபர்ஷ்சேய் குடுத்தாங்க, கெஃபிர்ல (நம்ம மோர் மாதிரி புளிச்ச பால்) பீட்ரூட் போட்டு அசல் ரோஸ்மில்க் கலர்ல சில்லுனு ஒரு சூப், உள்ள வெள்ளரிக்கா, மேல பாதியா வெட்டின அவிச்ச முட்டை, பக்கத்துல தனித் தட்டுல ஆவி பறக்க உருளைக்கிழங்கு, ஒரு வாய் சில்லுனு ஒரு வாய் சூடான்னு மாத்தி மாத்தி சாப்பிடணும். எனக்கு அவ்ளோ பிடிச்சுப்போச்சு, சூப் பெண்பால்னு படிச்சது ஞாபகம் வந்து ஆர்வக்கோளாறுல அந்தம்மாவைப் பாத்து "யூஸ் லபாய் ஸ்கனி"ன்னுட்டேன். அப்படின்னா "நீங்க ரொம்ப ருசியா இருக்கீங்க"! அந்தம்மா கரண்டியை கீழ வெச்சுட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே. அதனால பையனை ஸ்கனுவோட நிறுத்திக்கச் சொல்லுங்க.

இன்னொன்னு, "மன் ஸ்கனு"ன்னும் சொல்லலாம். "மன்"னா எனக்கு. அதாவது "எனக்கு ருசியா இருக்கு", நம்ம பேச்சு அப்படியே. "எனக்குப் பிடிக்குது"ங்கறதும் அதே மாதிரி தான், "மன் பத்திங்க்கா". இங்கிலீஷ்ல நான் நான்னு ஆரம்பிக்கணும், இங்க எனக்கு எனக்குன்னு ஆரம்பிச்சாலே பாதி வேலை முடிஞ்சது.

சாப்பிட உக்காரும்போது அவங்க "ஸ்கனாவ்ஸ்"ம்பாங்க, நல்லா ருசிச்சு சாப்பிடுங்கன்னு அர்த்தம். பதிலுக்கு "ஆச்சூ", அதாவது நன்றி (நம்ம சாப்பிட்டாச்சுல வர்ற ஆச்சு தான், கொஞ்சம் இழுக்கணும், அவ்ளோதான்). சாப்பிட்டு முடிச்சு மறுபடி ஆச்சூ சொன்னா "ஈ ஸ்வெய்காத்தா"ம்பாங்க, உடம்புக்கு நல்லதா இருக்கட்டும்னு. கிளாஸைத் தூக்கி முட்டும்போதும் இதே தான், தும்முனாலும் இதே தான்.

கேள்வி: வில்னியஸ்ல எங்க டீம்ல ஒருத்தங்க ரொம்ப அழகா டிரஸ் பண்ணிட்டு வர்றாங்க. நல்ல டேஸ்ட்னு சொல்ல நினைச்சா ஸ்கனுன்னு சொல்லலாமா? (ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: ஐயோ வேண்டாம், மேல என் கதையைப் படிங்க முதல்ல! வேர் ஒண்ணு தான், "ஸ்கோனிஸ்"னா நாக்கு ருசியும் அது தான், ரசனையும் அது தான். நம்மகிட்ட ருசி வேற, ரசனை வேற, அவங்க ஒரே சொல்லை வெச்சுக்கிட்டு வால்ல வித்தியாசம் காட்டுறாங்க. சாப்பாட்டுக்கு ஸ்கனு, ரசனைக்கு ஸ்கோனிங்கஸ், பெண்பால்னா ஸ்கோனிங்கா. "லபாய் ஸ்கோனிங்கா ஸுக்னெலே"ன்னா ரொம்ப ரசனையான கவுன். ஸ்திலிங்கஸ், ஸ்திலிங்கான்னும் ஒரு சொல் இருக்கு, ஸ்டைலுக்கு அதே ஒட்டு, ஆனா அதுல ஸ்டைல் தான் தெரியும், ஸ்கோனிங்காவுல அளவறிஞ்சு உடுத்துனாங்கங்கற மரியாதையும் சேந்து வரும், எனக்கு அது தான் பிடிக்கும்.

உண்மையைச் சொன்னா ஆபீஸ்ல இதெல்லாம் கொஞ்சம் கனமான பாராட்டு. "யும்ஸ் லபாய் திங்க்கா"ன்னு சொல்லிட்டுப் போங்க, உங்களுக்கு ரொம்ப பொருத்தமா இருக்குன்னு அர்த்தம், இங்கயும் "உங்களுக்கு" தான் பாருங்க. பழகின ஆளுன்னா யும்ஸை எடுத்துட்டு "தவ்", நம்ம நீங்க, நீ கணக்கு. ஒரு தடவை சொன்னா போதும், டெய்லி சொன்னா அவங்களே சந்தேகப்படுவாங்க.

கேள்வி: அந்த ஊர் சாப்பாடு உப்பு சப்பில்லாம இருக்கும்ங்கறாங்களே, அதுக்கும் ஒரு வார்த்தை இருக்கா? (வாசகர், மதுரை)

பதில்: இருக்கு, "பெஸ்கோனிஸ்". பெ-ன்னா இல்லாதது, ருசி இல்லாதது. ரசனை கெட்ட சட்டைக்கும் இதையே சொல்வாங்க, அதனால விருந்துக்குப் போன இடத்துல வாயைத் திறக்காதீங்க. மசாலாவுக்கு "ப்ரியெஸ்கோனியேய்"னு பேரு, அதுலயும் ஸ்கோனிஸ் ஒளிஞ்சிருக்கு பாருங்க. மிளகாய்த்தூளை எதிர்பார்த்துப் போனா ஏமாந்துடுவீங்க, அங்க எதுல கைவெச்சாலும் பொடிசா நறுக்கின சோயிக்கீரை தான், அதுக்குப் பேரு க்ரப்பாய். உருளைக்கிழங்கு மேல அதே, சூப்ல அதே, ஊறுகாய் ஜாடில அதே. முதல் மாசம் நான் ஒவ்வொண்ணா பொறுக்கி ஓரமா வெச்சேன், ரெண்டாவது மாசம் மார்க்கெட்ல கட்டுக் கட்டா வாங்கிட்டு வந்து தயிர் சாதத்துல போட்டேன்.