பல சர்வர்களில் என் கான்ஃபிக் ஃபைல்களை ஒரே மாதிரி வைத்துக்கொள்வது எப்படி?

தினமும் ஏழெட்டு லினக்ஸ் சர்வர்களில் எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள மெஷினுக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாக நுழைந்து வேலை பார்ப்பதாகச் சொல்கிறீர்கள். லேப்டாப்பில் கை பழகிய பேஷ்ஆர்சி (பேஷ் ஷெல்லின் அமைப்பு ஃபைல்), விம்ஆர்சி (விம் எடிட்டருடையது), டீமக்ஸ் (ஒரே டெர்மினலில் பல திரைகள் வைக்கும் கருவி) கான்ஃபிக் எல்லாம் அங்கேயும் வேண்டும், ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாற வேண்டும் என்கிறீர்கள். நானும் பல வருடமாக இதைச் செய்துவருகிறேன். எனக்கு ஒத்துவந்ததைச் சொல்கிறேன்.

எந்தக் கருவி என்று தேடுவதற்கு முன்னால், மூலப் பிரதி எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். என் லேப்டாப்பில் டாட்ஃபைல்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அது கிட்டில், அதாவது ஃபைல் மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவியில், இருக்கிறது. எந்த மாற்றமானாலும் அங்கேதான் செய்வேன். சர்வர்களில் இருப்பவை நகல்கள். அவசரத்துக்கு சர்வரில் ஒரு அலையஸ் (கட்டளைக்கு வைக்கும் சுருக்கப் பெயர்) சேர்த்தால், வேலை முடிந்த கையோடு அதை லேப்டாப் ஃபைலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த முறை அனுப்பும்போது அந்த வரி அழிந்துபோகும்.

ஒவ்வொரு சர்வரிலும் ரெப்போவை (கிட்டில் இருக்கும் அந்த ஃபோல்டரை) குளோன் செய்து, புதிய மாற்றங்களுக்கு புல் அடிப்பது (இழுத்துக்கொள்வது) பலரும் சொல்லும் வழி. சொந்த மெஷின்களுக்கு அது நன்றாகவே இருக்கும். ஆனால் வேலையிடத்து சர்வர்கள் பலவற்றிலிருந்து வெளி இன்டர்நெட்டுக்குப் போக முடியாது. ரெப்போ பிரைவேட் என்றால் அதற்கான சாவியை சர்வரில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏஜென்ட் ஃபார்வர்டிங் (லேப்டாப்பில் உள்ள சாவியை சர்வரிலிருந்தே பயன்படுத்த விடுவது) போட வேண்டும். ஃபார்வர்டிங் போட்டால், நீங்கள் இணைப்பில் இருக்கும்வரை அந்த சர்வரின் ரூட் ஆள் (முழு அதிகாரம் உள்ளவர்) உங்கள் சாவியைக் கொண்டு உங்கள் பெயரில் வேறு மெஷின்களுக்குள் போக முடியும். ஒரு விம்ஆர்சிக்காக இந்த ஆபத்து வேண்டாம்.

அதனால் நான் லேப்டாப்பிலிருந்து ஆர்சிங்க் என்ற ஃபைல் நகலெடுக்கும் கருவியில் தள்ளிவிடுகிறேன். 1996-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் வெளியிட்ட கருவி, இன்றைக்கும் இந்த வேலைக்கு அதுவே போதும். சர்வர் பெயர்கள் ஒரு ஃபைலில், ஒவ்வொன்றாக எடுத்து அனுப்ப நாலு வரி ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். ஆர்சிங்க் இரண்டு பக்கமும் இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும். இல்லாத மெஷினுக்கு டார் செய்து (ஒரே கட்டாகக் கட்டி), எஸ்எஸ்எச் வழியாகவே பைப் போட்டு அங்கே பிரித்துவிடலாம்.

இதில் நான் பட்ட ஒரு அடியைச் சொல்லியாக வேண்டும். லேப்டாப்பில் நீக்கிய ஃபைல் சர்வரிலும் போய்விடட்டும் என்று ஆரம்பத்தில் டெலீட் ஆப்ஷனைச் சேர்த்திருந்தேன். அனுப்பியது நேராக ஹோம் டைரக்டரிக்கு. அனுப்பும் ஃபோல்டரில் எது இல்லையோ அதையெல்லாம் அழிப்பதுதான் அந்த ஆப்ஷனின் வேலை. சேர்த்துவைத்திருந்த லாக்குகள், பாதி எழுதிய ஸ்கிரிப்டுகள், எல்லாம் போயின. கூடவே எஸ்எஸ்எச் ஃபோல்டரும் அதிலிருந்த ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலும் (எந்தச் சாவிகளுக்கு அனுமதி என்ற பட்டியல்) போயிற்று. மறுபடி உள்ளே நுழைய முயன்றபோதுதான் எனக்கே தெரிந்தது. அட்மின் சாவியைத் திரும்பப் போட்டுக் கொடுத்தார், அந்த ஸ்கிரிப்டுகள் திரும்பவே இல்லை.

ஹோமுக்கு அனுப்பும்போது டெலீட் ஆப்ஷனை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். புதிதாக ஸ்கிரிப்ட் எழுதினால் முதலில் ட்ரை ரன் (எதையும் மாற்றாத ஒத்திகை) ஓட்டி, எந்தெந்த ஃபைல் மாறப்போகிறது என்று கண்ணால் பாருங்கள். பேக்கப் ஆப்ஷன் போட்டால், மேலெழுதப்படும் ஃபைலின் பழைய பிரதி அங்கேயே தங்கும். அப்புறம், மூல ஃபோல்டர் பெயரின் கடைசியில் சாய்கோடு இருந்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், இல்லாவிட்டால் ஃபோல்டரே போய் உட்காரும். நீங்கள் ஸ்டோ மாதிரி ஒரு கருவியை வைத்து லேப்டாப் ஹோமில் சிம்லிங்க் (வேறிடத்து ஃபைலைச் சுட்டும் இணைப்பு) போட்டிருந்தால், ஹோமிலிருந்து எடுத்து அனுப்பாதீர்கள். ஆர்சிங்க்கின் ஆர்க்கைவ் ஆப்ஷன் லிங்க்கை லிங்க்காகவே கொண்டுபோகும், அங்கே அது எதையும் சுட்டாது. ரெப்போ ஃபோல்டரிலிருந்தே அனுப்புங்கள்.

பேஷ்ஆர்சி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் வரவேற்பு வரி, டிஸ்க் அளவு என்று எதையாவது அதில் பிரிண்ட் செய்யும் பழக்கம் பலருக்கு உண்டு. லேப்டாப்பில் அது தொந்தரவு தராது. சர்வருக்குப் போனதும் ஆர்சிங்க் 'உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா' என்ற பொருளில் ஒரு பிழை காட்டி நின்றுவிடும். காரணம் இதுதான்: எஸ்எஸ்எச் வழியாக ஒரு கட்டளையை மட்டும் ஓட்டினாலும் பேஷ் அந்த ஃபைலைப் படிக்கிறது. அது அச்சிடும் எழுத்துகள், ஆர்சிங்க் தனக்குள் பேசிக்கொள்ளும் தரவோடு கலந்துவிடுகின்றன. டெபியன், உபுண்டு தரும் பேஷ்ஆர்சியின் தலையிலேயே, இது இன்டராக்டிவ் ஷெல் (ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்யும் ஷெல்) இல்லையென்றால் ரிட்டர்ன் ஆகிவிடு என்று ஒரு சோதனை இருக்கும். உங்களுடையதில் அது இல்லையென்றால் முதல் வேலையாகச் சேர்த்துவிடுங்கள்.

எல்லா மெஷினும் ஒரே வயது கிடையாது. 2024 ஜூனில் ஆதரவு முடிந்த சென்ட்ஓஎஸ் 7 உங்கள் பட்டியலில் இருந்தால், அதனோடு வரும் டீமக்ஸ் 1.8. மவுஸை ஒரே வரியில் இயக்கும் செட்டிங் 2.1-ல்தான் வந்தது, எனவே உங்கள் கான்ஃபிக் அங்கே பிழை காட்டும். இதற்காக கிட்டில் மெஷினுக்கு ஒரு கிளை வைத்துக் கட்டி இழுக்க வேண்டாம். பொது ஃபைலின் கடைசி வரியில், லோக்கல் என்ற பெயரில் ஒரு ஃபைல் இருந்தால் அதையும் படி என்று எழுதிவிடுங்கள். அந்த லோக்கல் ஃபைல் அந்தந்த மெஷினிலேயே இருக்கும், ஸ்கிரிப்ட் அதைத் தொடாது. கிட் கான்ஃபிக்கில் இதற்கென்றே, வேறு ஃபைலையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் இன்க்ளூட் பகுதி இருக்கிறது. சுட்டிய ஃபைல் இல்லாவிட்டாலும் கிட் பேசாமல் கடந்துபோகும்.

பிரைவேட் கீ, டோக்கன், பாஸ்வேர்ட் எதையும் டாட்ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் விடாதீர்கள். தவறி கமிட் செய்து (கிட்டில் பதிவு செய்து) அடுத்த கமிட்டில் நீக்கினாலும் ஹிஸ்டரியில் இருக்கும். அந்த டோக்கனை ரத்து செய்து புதிது வாங்குவதுதான் வழி. பலர் சேர்ந்து பயன்படுத்தும் அக்கவுண்டிலும் ரூட்டிலும் உங்கள் ஃபைல்களைப் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நடு இரவில் பிரச்சினை என்று உள்ளே வரும் சக ஊழியர் உங்கள் அலையஸ்களோடு மல்லுக்கட்ட நேரும், அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, அனுப்பும் நாளில் முதலில் பேஷின் இலக்கணச் சோதனை ஆப்ஷனில் பேஷ்ஆர்சியை ஓட்டிப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு சர்வருக்கு அனுப்புங்கள். அங்கே ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல், இன்னொரு டெர்மினலில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் மற்ற சர்வர்களுக்கு அனுப்பலாம். முடியாவிட்டால், திறந்திருக்கும் பழைய இணைப்பிலிருந்து பேக்கப் பிரதியைத் திரும்ப வைத்துவிடலாம்.