பழைய கலர் டிவி செட்டுகள்: வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

1982 சுதந்திர தினத்தன்று தூர்தர்ஷன் நாடு தழுவிய கலர் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளும் கலரில் வந்தன. அதன் பிறகு நம் வீடுகளுக்குள் வந்த டயனோரா, சாலிடேர், கெல்ட்ரான், ஒனிடா, பிபிஎல் செட்டுகளைப் பற்றித்தான் இம்முறை வந்த கேள்விகள் எல்லாம். ஒரு செட்டில் எப்படியாவது படம் வரவைப்பதும் அந்தச் செட்டை அதுவாகவே காப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

குடியாத்தத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் தாத்தா வாங்கிய 20 அங்குல கலர் டிவி பல ஆண்டுகளாக மூலையில் கிடக்கிறது. துடைத்துவிட்டு பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?

வேண்டாம். கெட்டுப்போகாமல் கிடந்த பல செட்டுகள் இந்த ஒரு அவசரத்தால்தான் வீணாகின்றன. மின்சாரம் ஏறாமல் கிடந்த எலெக்ட்ரோலிடிக் கண்டென்சர்களின் (மின்னூட்டத்தைத் தேக்கும் உருளை வடிவப் பாகங்கள்) உட்படலம் நாளடைவில் வலுவிழந்துவிடும். முழு மின்னழுத்தம் ஒரே நேரத்தில் ஏறினால் அவை வெடிக்கும், அல்லது பவர் சப்ளையையும் சேர்த்துக் கொண்டுபோகும். வேலூர்ப் பக்கத்துக் கோடையில் இந்தக் கண்டென்சர்கள் வேறு ஊர்களைவிட விரைவாகவே உலர்கின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்தொழிலில் உள்ள பொதுக்கணக்கு.

முதலில் பின்மூடியைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தூசியை எடுத்து, எலி கடித்த வயர் ஏதும் இருக்கிறதா, கண்டென்சரின் தலை உப்பியிருக்கிறதா, எல்.ஓ.டி.யின் (டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர்) உடலில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் பிக்சர் டியூப் தன்னுள் உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். செட் ஓடும்போது அது 25,000 வோல்ட் அளவில் இருப்பதால், தடித்த வயர் டியூபில் வந்து சேரும் ரப்பர் மூடிக்கு அடியில் கை வைக்கும் முன் அதை இறக்கியாக வேண்டும். நல்ல பிடியுள்ள ஸ்குரூடிரைவரில் ஒரு வயரைக் கட்டி, அதன் மறுமுனையை டியூபின் பின்புறம் ஓடும் பின்னல் கம்பியில் இணைத்து, முனையை ரப்பர் மூடிக்குள் நுழையுங்கள். சில நிமிடம் கழித்து இன்னொரு முறை அதையே செய்யுங்கள், ஏனெனில் இறக்கிய பிறகும் கொஞ்சம் மின்னூட்டம் திரும்பத் தேங்கும். வயரை சேசிஸில், அதாவது செட்டின் சர்க்யூட் போர்டில், இணைத்தால் அதிலுள்ள ஐ.சி. சிப்புகள் போய்விடும்.

பிறகுதான் மின்சாரம், அதுவும் 100 வாட் குண்டு பல்பை சீரியஸில், அதாவது செட்டுக்கு வரும் மின்சாரம் பல்பு வழியாகவே போகும்படி, போட்டுத்தான். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். இதில் எதையும் முன்பின் செய்திராதவர் தனியாகச் செய்ய வேண்டாம். பழைய மெக்கானிக் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் நடுவே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் வருகிறது. போர்டையே தூக்கிவிட்டு சைனா கிட் போட்டால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்கிறார் மெக்கானிக். போடலாமா? (ஆற்காடு)

தயவுசெய்து போடாதீர்கள். கிட் எனப்படும் அந்த ரெடிமேட் போர்டைப் போட்டால் படம் வரும் என்பது உண்மைதான். ஆனால் முகப்பில் உள்ள சேனல் பட்டன்களும் குமிழ்களும் வெறும் அலங்காரமாகிவிடும், உங்களிடம் மிஞ்சுவது பழைய பெட்டிக்குள் இருக்கும் வேறொரு டிவி. அது மட்டுமல்ல, டியூபின் கழுத்தில் உள்ள யோக் (படத்தைத் திரை முழுதும் விரிக்கும் கம்பிச்சுருள்) பழைய சேசிஸின் கணக்குக்குச் சுற்றப்பட்டது. புதிய போர்டோடு பொருந்தாவிட்டால் படத்தின் அகலமும் ஓரங்களும் கோணலாகும். டியூபுக்குள் சூடேறும் இழையான ஹீட்டருக்கு 6.3 வோல்ட்டுக்கு மேல் போனால், மாற்றுக் கிடைக்காத அந்த டியூபின் ஆயுளே குறையும்.

உங்கள் செட்டின் குறை பெரும்பாலும் சிறியது. கோடு படுக்கையாக இருந்தால் பழுது, படத்தை மேலும் கீழுமாக விரிக்கும் வெர்டிகல் பகுதியில் இருக்கிறது. சூடாகும் வெர்டிகல் ஐ.சி.யின் கால்களைப் போர்டின் அடிப்பக்கத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: ஒவ்வொரு காலையும் சுற்றியுள்ள ஈயத்தில், மயிரிழை போல ஒரு கருவளையம் தெரியலாம். அதுதான் டிரை சோல்டர், அதாவது விட்டுப்போன பற்றவைப்பு. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்ற வையுங்கள்; யோக் வயர் செருகும் இடத்தையும் அப்படியே பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் அந்த ஐ.சி.யைச் சுற்றியுள்ள சிறிய கண்டென்சர்களை மாற்றுங்கள். அதன் பிறகுதான் ஐ.சி.யின் மேல் சந்தேகப்பட வேண்டும். உதிரிகள் வேலூரில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் தேடலாம். கழற்றிய பாகங்களை ஓர் உறையில் போட்டுச் செட்டுக்குள்ளேயே வைத்துவிடுவது என் வழக்கம். அடுத்து அதைத் திறப்பவருக்கு அது உதவும்.

திரையின் மூலையில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டு விழுந்திருக்கிறது. டியூப் போய்விட்டதா? (வாலாஜாபேட்டை)

பெரும்பாலும் இல்லை. டியூபுக்குள் திரைக்குப் பின்னால் உள்ள துளையிட்ட உலோகத் தகடான ஷேடோ மாஸ்க் காந்தமேறியிருக்கிறது. பக்கத்தில் ஸ்பீக்கரோ, பழைய வழக்கப்படி கீழ்த்தட்டில் ஸ்டெபிலைசரோ இருந்தால் முதலில் அவற்றை அப்புறப்படுத்துங்கள். காந்தத்தை நீக்க செட்டுக்குள் இருக்கும் டிகாஸ் காயில், அதனோடு உள்ள தெர்மிஸ்டர் (சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் பாகம்) குளிர்ந்திருக்கும்போது மட்டுமே வேலை செய்யும் என்பதால், அரைமணி நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போடுங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகும் திட்டு போகாவிட்டால் அந்தத் தெர்மிஸ்டரை மாற்ற வேண்டும். செட் கீழே விழுந்த பிறகு வந்த திட்டு என்றால் மாஸ்க்கே இடம் பெயர்ந்திருக்கலாம்; அதற்குப் பரிகாரம் இல்லை.

கல்ஃபிலிருந்து மாமா கொண்டுவந்த சோனி டிரினிட்ரானில், வெள்ளைப் படத்தின்மீது மெல்லிய படுக்கைக் கோட்டு நிழல் தெரிகிறது. (ஆம்பூர்)

அது குறையல்ல. டிரினிட்ரானில் துளையிட்ட மாஸ்க்குக்குப் பதிலாக நெட்டுக்கு இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி வரிசை இருக்கிறது. அது அதிராமல் இருக்கக் குறுக்கே ஓடும் தாங்குகம்பியின் நிழலைத்தான் பார்க்கிறீர்கள். சிறிய டியூபில் ஒன்று, பெரியதில் இரண்டு இருக்கும்.

என் செட்டில் ஆன்டெனா துளை மட்டும்தான் இருக்கிறது. இப்போது அதில் என்ன பார்ப்பது? ஏ.வி. சாக்கெட் வைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். (காட்பாடி)

அந்தச் சாக்கெட் உயிருக்கே ஆபத்தாகலாம். அக்காலத்துச் செட்டுகள் பலவற்றில் சேசிஸ் நேரடியாக மின்லைனோடு தொடர்புள்ளது. பிளக்கைத் திருப்பிச் செருகினாலும் அது மாறாது. அதில் ஒரு உலோகச் சாக்கெட்டை வைத்தால், அதைத் தொடுபவருக்கும் அதில் மாட்டும் பெட்டிக்கும் லைன் மின்சாரம் வந்துவிடும். படத்தையும் ஒலியையும் ஆன்டெனா சிக்னலாக மாற்றும் ஆர்.எஃப். மாடுலேட்டர் ஒன்றை வாங்குங்கள். தூர்தர்ஷனின் இலவச டி.டி.எச். சேவையான ஃப்ரீ டிஷ் பெட்டியின் ஏ.வி. வெளியீட்டை அதில் கொடுத்து, அதன் வெளியீட்டை ஆன்டெனா துளையில் செருகினால் செட்டில் ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஆரம்பகாலச் செட்டுகளில் வி.எச்.எஃப். அலைவரிசைகள் மட்டுமே இருந்தால், அதைவிட உயர்ந்த யு.எச்.எஃப். அலைவரிசைகளில் மட்டும் தரும் மாடுலேட்டர் பயன்படாது. நம் நாட்டு முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ்; அமெரிக்க முறையில் 4.5. அமெரிக்க வகை மாடுலேட்டரை வாங்கினால் படம் வந்தாலும் பேச்சு வராது.

மரப்பெட்டியின் இழுவை ஷட்டர் பாதியில் சிக்குகிறது. பெட்டிக்குப் புது வார்னிஷ் அடிக்கலாமா? (ஆரணி)

அந்த ஷட்டர் மெல்லிய மரச்சட்டங்களைக் கெட்டித் துணியில் ஒட்டிச் செய்தது. துணி கிழிந்தோ பசை விட்டோ சட்டம் சாய்வதால்தான் சிக்குகிறது. செட்டை முழுதாக வெளியே எடுத்த பிறகு, ஷட்டரைக் கழற்றிச் சமதரையில் குப்புறப் போட்டு, பழைய துணியை நனைத்து உரித்து, புதிய கேன்வாஸை மரப்பசையால் ஒட்டி, மேலே பாரம் ஏற்றி ஒரு நாள் காய விடுங்கள். பசை சட்டங்களின் இடுக்கில் இறங்கினால் ஷட்டர் வளையாது, ஆகவே மிக மெல்லியதாகத் தடவுங்கள். ஷட்டர் ஓடும் பள்ளமான காடியில் எண்ணெய் விட்டால் தூசி பிடிக்கும். வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே போதும். வார்னிஷ் வேண்டாம். அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷே அந்த மரத்துக்கு ஏற்றது, பிற்பாடு வேண்டுமென்றால் அதைக் கழுவியும் எடுக்கலாம்.

அரசு கொடுத்த 14 அங்குலக் கலர் டிவியைச் சேகரிப்பில் வைக்கலாமா? (சோளிங்கர்)

கட்டாயம் வையுங்கள். 2006 முதல் தமிழ்நாட்டு வீடுகளில் அவ்வளவு பேரிடம் ஒரே நேரத்தில் சேர்ந்த பொருள் அது. எல்லாரிடமும் இருந்ததாலேயே யாரும் பாதுகாக்கவில்லை. ரிமோட்டும் கையேடும் இருந்தால் சேர்த்தே வையுங்கள்.

காயலான் கடையில் ஒரு செட் பார்த்தேன். மின்சாரம் கொடுத்துப் பார்க்க வழியில்லை. எதை வைத்து முடிவு செய்வது? (ராணிப்பேட்டை)

பெட்டியும் போர்டும் எந்த நிலையில் இருந்தாலும் சீர்செய்துவிடலாம், டியூபுக்கு மட்டும் வழியில்லை. பின்மூடியைத் திறந்து, டார்ச் அடித்து, டியூபின் குறுகிய கழுத்துக்குள் பாருங்கள். கண்ணாடியின் உட்புறம் வெள்ளி நிறத்திலோ கருமையாகவோ ஒரு பூச்சு பளபளத்தால் உள்ளே காற்றுப் புகவில்லை. அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் டியூப் செத்துவிட்டது. உதிரிப் பாகங்களுக்கான விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். நல்ல டியூபாக இருந்தால், வண்டியில் ஏற்றும்போது திரைப்பக்கம் மெத்தைமேல் கீழ்நோக்கி இருக்கட்டும், கழுத்தில் எதுவும் இடிக்கக் கூடாது. செட்டின் எடையெல்லாம் முன்பக்கக் கண்ணாடியில்தான் இருக்கிறது என்பதால் தூக்குபவர் திரையைத் தன் மார்புப் பக்கம் வைத்துத் தூக்க வேண்டும்.