பச்சைத் தலை, பச்சையில்லாத வால்

கேள்வி: 2023 தொடக்கத்தில் வந்த இசட்.டி.எஃப் வால்நட்சத்திரத்தின் படங்களில் தலை மட்டும் பச்சையாக இருந்தது. வாலுக்கு ஏன் அந்த நிறம் இல்லை?

பதில்: பச்சைக்குக் காரணம் டைகார்பன், அதாவது இரண்டு கார்பன் அணுக்கள் மட்டும் சேர்ந்த மூலக்கூறு. இது பனிக்கட்டியில் அப்படியே உறைந்து கிடப்பதில்லை. அசெட்டிலீன் போன்ற பெரிய மூலக்கூறுகளிலிருந்து புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட, மிஞ்சுவது இந்தக் கார்பன் ஜோடி. வெயிலை வாங்கி 516 நானோமீட்டரை ஒட்டிய பச்சையாக அது உமிழ்கிறது.

அதைப் பெற்றெடுத்த வெயிலே அதைக் கொல்லவும் செய்கிறது. ஆனால் ஒரு ஃபோட்டான் (ஒளித்துகள்) போதாது, இரண்டை விழுங்க வேண்டும். அப்போது மூலக்கூறு ஓர் ஆற்றல் நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது; இரண்டுமே 'தடைசெய்யப்பட்ட' தாவல்கள், அபூர்வமாகத்தான் நடக்கும். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில் டைகார்பன் ஏறக்குறைய இரண்டு நாள் தாக்குப்பிடிப்பது அதனால்தான். வாயு நொடிக்குச் சுமார் 1 கி.மீ. வேகத்தில் விரிகிறது. இரண்டு நாளில் 1,72,800 நொடி, ஆக 1.7 லட்சம் கி.மீ. போவதற்குள் பெரும்பகுதி உடைந்துவிடும். வாலோ பல லட்சம், சில சமயம் கோடிக்கணக்கான கி.மீ. நீளம். அங்கே தெரிவது தூசியில் பட்டுத் திரும்பும் வெயிலும், அயனிகளின் (மின்னூட்டம் பெற்ற வாயுத் துகள்களின்) நீலமும்தான்.

1930களில் விஞ்ஞானி கெர்ஹார்ட் ஹெர்ட்ஸ்பெர்க் ஊகித்த இந்த உடைவை 2021இல்தான் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் நேரில் காட்டினார்கள். உலர்சலவைக் கடைகளில் புழங்கும் பெர்குளோரோஎத்திலீனை எடுத்து, அதன் நான்கு குளோரின் அணுக்களையும் புற ஊதா லேசரால் உரித்தார்கள். கிடைத்த டைகார்பனை வெற்றிடக் குழாய்க்குள் ஓடவிட்டு, இன்னொரு லேசரால் பிளந்து, சிதறிய அணுக்களின் வேகத்தை அளந்தார்கள். அழகான சோதனை!

கேள்வி: வால்நட்சத்திரத்தின் நீராவியும் இப்படித்தான் உடைகிறதா?

பதில்: அதற்கு ஒரே ஃபோட்டான் போதும். ஹைட்ரஜன் ஒருபுறம், ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்தது) மறுபுறம். பலர் சறுக்குவது இங்கேதான்: பிணைப்பை உடைக்கும் ஆற்றல் 242 நானோமீட்டர் ஒளியிலேயே இருக்கிறது, ஆனால் அந்த ஒளியை நீர் மூலக்கூறு உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். 190க்குக் கீழே வந்தால்தான் வேலை நடக்கும். சூரியனில் ஹைட்ரஜன் உமிழும் 121.6 நானோமீட்டர் புற ஊதா ஒளிக்கு, அதாவது லைமன் ஆல்ஃபா கோட்டுக்கு, இதில் பெரும்பங்கு. பூமியின் தொலைவில் நீரின் ஆயுள் ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவு. சூரியன் கொந்தளிக்கும் காலத்தில் இன்னும் குறையும்.

சூரியனிலிருந்து தொலைவு மாறினால், பூமியின் தொலைவை 1 என வைத்து, ஆயுளை அந்தத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்குங்கள். பாதித் தொலைவில் ஆயுள் பாதியல்ல, கால்வாசி.