ஆலன் ராபின்சன் தர்க்கத்தில் அப்படி என்னதான் செய்தார்?

சுருக்கமாகச் சொன்னால், தர்க்கத்தை மனிதனுக்காக இல்லாமல் கணினிக்காகத் திருப்பி எழுதினார். 1930-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தது கிரேக்கமும் லத்தீனும், பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் தத்துவத்தில். கணினிக்கு வந்த வழியே வேடிக்கைதான்!

அறுபதுகளில் கோடை விடுமுறைகளில் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் வேலை செய்தார். தேற்றங்களை நிறுவும் அன்றைய நிரல்கள் மாறிகளுக்கு ஒவ்வொரு மதிப்பாகப் போட்டுப் பார்த்தே திணறின. 1965-இல் அவர் வெளியிட்ட 'ரெசல்யூஷன்' முறையில் ஒரே ஒரு விதிதான். உதாரணமாக:

"மழை இல்லை, அல்லது தரை ஈரம்."
"மழை உண்டு, அல்லது குழாய் திறந்திருக்கிறது."

மழை ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. இரண்டையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது: "தரை ஈரம், அல்லது குழாய் திறந்திருக்கிறது." நிறுவ வேண்டியதை மறுத்து எழுதி, இப்படியே அடித்துக்கொண்டு போய் எதுவும் மிஞ்சாவிட்டால் முரண்பாடு, தேற்றம் உறுதி.

என்னைக் கேட்டால், உண்மையான சாமர்த்தியம் இதனுடன் வந்த 'யூனிஃபிகேஷன்'. "எக்ஸ் மனிதன் என்றால் எக்ஸ் இறப்பான்", "சாக்ரடீஸ் மனிதன்" என்று கொடுத்தால், உலகில் உள்ள பெயர்களையெல்லாம் போட்டுப் பார்க்காமல், இரண்டும் பொருந்தத் தேவையான அளவுக்கு மட்டும் எக்ஸை சாக்ரடீஸாக்கும். 1972 வாக்கில் பிறந்த புரோலாக் என்ற நிரல் மொழி நிற்பதே இதன்மேல்தான்.

1967 முதல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார். 1996-இல், கணினி வழியே தேற்றங்களை நிறுவும் துறைக்கான எர்பிரான் விருது. 2016-இல் காலமானார்.