கவுன்சலிங்குக்கு வரும் எல்லோருக்கும் ஆளுமைத் தேர்வு வைக்கலாமா? ரிப்போர்ட்டைப் பெற்றோர் கேட்டால் கொடுக்கலாமா?

முதல் கேள்விக்கு: வேண்டாம். இரண்டாவதற்கு: வந்தவர் 18 வயது நிரம்பியவர் என்றால், பணம் கட்டியது பெற்றோராகவே இருந்தாலும் வந்தவரின் சம்மதம் இல்லாமல் கொடுக்கக் கூடாது.

தேர்வுத்தாளை எடுக்கும் முன் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்: இதன் முடிவைப் பார்த்து நான் எதை மாற்றப்போகிறேன்? எழுத ஒன்றும் வரவில்லையா, தேர்வு தேவையில்லை. வேலை போன கவலையில் தூக்கம் கெட்டு வந்தவரை எம்எம்பிஐ-2 (MMPI-2) என்ற ஆளுமைத் தேர்வுத் தாளின் 567 வாக்கியங்களுக்குச் சரி, தவறு போட வைத்தால் ஒன்றரை மணி நேரம் போகும். அவர் அடுத்த முறை வராமலும் போகலாம். மன அழுத்தத்துக்குப் பின்னால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று குழப்பம் நீடிக்கும்போது அதே தேர்வுக்குப் பயன் உண்டு. அதையும் அதற்கான பயிற்சி பெற்ற க்ளினிக்கல் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பிச் செய்வதே முறை. கவுன்சலிங் டிப்ளமோ அதற்குப் போதாது.

ஆளுமையை நான்கு எழுத்துகளில் சொல்லும் எம்பிடிஐ (MBTI) போன்ற வகைப்பாடுகள் நோயறிதலுக்காக உருவானவை அல்ல. "அப்படியே என்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது" என்று வந்தவர் வியந்தால் அது ஆதாரம் ஆகாது. அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே விவரணையைத் தனித்தனி முடிவு போலக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் போட்ட சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. நாடி ஜோசியம் பார்த்துவிட்டு வருபவரும் இதைத்தான் சொல்கிறார்.

தவறு அதிகம் நடப்பது ஸ்கோரை வாசிப்பதில். எம்எம்பிஐ-2இல் டி-ஸ்கோர், அதாவது பொதுமக்களின் பதில்களோடு ஒப்பிட்டு மாற்றிய மதிப்பெண், சராசரியாக 50, கவனிக்க வேண்டிய எல்லை 65. 64க்கும் 66க்கும் நடுவில் நோய் ஒன்றும் தொடங்கிவிடுவதில்லை. அந்த வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கும். முதலில் பதில்களை நம்பலாமா என்று காட்டும் நம்பகத்தன்மை அளவுகளைப் பாருங்கள். 30 வாக்கியங்களுக்கு மேல் பதில் போடாமல் விட்டிருந்தால் தாளை ஒதுக்கிவிடலாம். அவற்றில் ஒன்றான, வழக்கத்துக்கு மாறான பதில்களை எண்ணும் எஃப் அளவு உயர்ந்திருந்தால் உடனே "நடிக்கிறார்" என்று எழுதுகிறார்கள். கடும் வேதனையில் இருப்பவருக்கும், வாக்கியம் புரியாமல் டிக் அடித்தவருக்கும்கூட அது உயரும்.

ஒப்பிடும் கூட்டமும் முக்கியம். எம்எம்பிஐ-2இன் அசல் அளவுகோல் சுமார் 2,600 அமெரிக்கர்களின் பதில்களிலிருந்து வந்தது. குலதெய்வக் கோயிலில் சாமி வந்து ஆடும் பெண் ஒருவர், தன் உடலில் வேறொரு சக்தி இறங்குகிறது என்ற பொருள்படும் வாக்கியத்துக்கு 'சரி' போட்டால், ஊரில் இயல்பான ஒன்று தாளில் மனப்பிறழ்வாகக் கணக்கில் ஏறும். அந்தப் பதில்களை அவரிடமே கேட்டுப் பேசாமல் ரிப்போர்ட் எழுதக் கூடாது. யாரோ தமிழாக்கி, ஜெராக்ஸ் ஜெராக்ஸாகச் சுற்றிவரும் தாள்களைத் தொடவே தொடாதீர்கள். காப்புரிமை ஒருபுறம் இருக்கட்டும், அந்த மொழிபெயர்ப்புக்கு எந்த அளவுகோலும் பொருந்தாது.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, ஏற்கப்பட்ட மருத்துவத் தரங்களின்படியே மனநோயைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. ஆகவே "தேர்வில் ஆளுமைக் கோளாறு வந்திருக்கிறது" என்று எழுதுவது தவறு. "முடிவுகள் இந்தச் சாத்தியத்தைக் காட்டுகின்றன, நேர்காணலில் இது தெரிந்தது, இது தெரியவில்லை" என்று எழுதலாம். முடிவை வந்தவரிடம் விளக்காமல் ஃபைலில் மூடி வைப்பதும் தவறுதான்.

இனி பெற்றோர். அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியக் காப்பைக் கடமையாக்குகிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. கல்யாணப் பேச்சு அந்தப் பட்டியலில் இல்லை, கம்பெனி ஹெச்ஆரும் இல்லை. வந்தவர் மைனர் என்றால் சட்டப்படியான பாதுகாவலருக்குச் சிகிச்சைக்கு வேண்டிய தகவல் போகும். அப்போதும் முடிவின் சாரத்தைப் பேசினால் போதும். எந்த வாக்கியத்துக்குப் பிள்ளை என்ன டிக் அடித்தது என்ற தாள் கைமாறக் கூடாது. யார் எதைப் பார்ப்பார்கள் என்பதைத் தேர்வுக்கு முன்பே, பிள்ளையும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும்போது சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். குடும்ப குரூப்புக்கு ஃபார்வர்டு ஆக ஒரு நிமிடம் போதும்.