பன்னிரண்டு நாள் வித்தியாசத்தில் எல்.கே.ஜி.

வணக்கம். எங்கள் மகன் ஜூலை 19-ஆம் தேதி பிறந்தவன். எல்.கே.ஜி. சேர ஜூலை 31-க்குள் 3 வயது முடிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். 12 நாள் வித்தியாசத்தில் தகுதி பெற்றுவிடுகிறான். ஆனால் ஜூனில் பள்ளி திறக்கும்போது அவனுக்கு 3 முடிந்திருக்காது.

சேர்க்கைக்காக அழைத்துப் போனோம். ஆசிரியை ஓர் ஆரஞ்சுப் பழப் படத்தைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார். "பந்து" என்றான். அடுத்த படத்தை எடுப்பதற்குள் என் புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்புறம் வெளியே வரவே இல்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவன். தாத்தா கதையை மாற்றிச் சொன்னால் திருத்துவான். சிறுநீர் வந்தால் சொல்கிறான், கால்சட்டைப் பொத்தானைக் கழற்றத்தான் தெரியாது. மதியம் ஒரு மணிக்குத் தூங்கியாக வேண்டும். பள்ளி வேனோ காலை 7.40-க்கு வந்தால், திரும்ப மூன்றரை ஆகிவிடும்.

அடுத்த ஆண்டு சேர்க்கலாமே என்றேன். "ஒரு வருடம் வீணாகிவிடும், சின்னவன் பிள்ளை இவனுக்கு ஒரு வகுப்பு மேலே போய்விடுவான்" என்கிறார் மாமியார். கொழுந்தனார் மகன் இவனைவிட 2 மாதம்தான் மூத்தவன். கணவர் 'உன் இஷ்டம்' என்று ஒதுங்கிக்கொண்டார். நான் வேலைக்குத் திரும்புவதும் இதையொட்டித்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி, கரூர்

அன்புள்ள சகோதரிக்கு,

என்னைக் கேட்டால், ஓராண்டு பொறுங்கள் என்பேன். 'பந்து' என்றதற்காகச் சொல்லவில்லை. உருண்டையாக இருக்கிற எதுவும் அந்த வயதில் பந்துதான்.

அந்த வகுப்பில் முந்தைய ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் உட்கார்ந்திருக்கும். உங்கள் மகனைவிட ஏறக்குறைய 11 மாதம் மூத்தது. 3 வயதுப் பிள்ளைக்கு அது அவன் வாழ்ந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் இருவர் கையிலும் ஒரே பென்சிலைக் கொடுத்து ஒரே கோட்டின் மேல் எழுதச் சொல்வார்கள். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ எல்லைத் தேதியாக வைத்திருக்கும் மாநிலங்களைப் பற்றி ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2018-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆகஸ்டில் பிறந்து வகுப்பிலேயே சின்னவர்களாக இருந்த பிள்ளைகளில், ஏ.டி.எச்.டி. (கவனம் நிலைக்காமலும் அளவுக்கு மீறிய துறுதுறுப்போடும் இருக்கும் குறைபாடு) என்று கண்டறியப்பட்டவர்கள் செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகம். ஒரு மாத இடைவெளியில் மூளை மாறிவிடுமா என்ன? சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக நடந்துகொண்டதுதான் பல இடங்களில் குறையாகத் தெரிந்திருக்கிறது.

மேல் வகுப்புகளுக்குப் போகப் போக இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆண்டே சேர்த்தாலும் குடிமுழுகிப் போகாது.

மாமியார் சொல்லும் 'வீண்' கணக்கைப் பார்ப்போம். இப்போது சேர்ந்தால் 5 வயதில் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 முதலே ஒன்றாம் வகுப்புக்கு 6 வயது முடிந்திருக்க வேண்டும். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை சொல்வதும் அதுதான். அவர் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டாவிட்டால் அடுத்த வருடம் வா என்று அனுப்பிவிடுவார்கள். முதல் தடவையிலேயே காது எட்டியதா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரே ஓர் எச்சரிக்கை. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியின் 25 சதவீத இலவச இடத்துக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் காத்திருக்காதீர்கள். அங்கே எல்.கே.ஜி.க்கான பிறந்த தேதி வரம்பு ஆகஸ்ட் 1 முதல் அடுத்த ஜூலை 31 வரை. ஜூலையில் பிறந்தவன் ஓராண்டு தள்ளினால் வரம்பைத் தாண்டிவிடுவான். வீட்டிலும் பேசாமல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருக்கும் பிள்ளை என்றால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். குழந்தை மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள் என்றிருப்பேன். கதையைத் திருத்துகிறவனுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

வேலையைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். எனக்கோ கண் அங்கேயே நின்றுவிட்டது. மகன் காத்திருந்தால் அம்மாவும் காத்திருப்பாள் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே தீர்மானமாகிவிட்டது போலிருக்கிறது. அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. அங்கன்வாடியில் 2 வயது முதலே சேர்க்கலாம். மதியச் சாப்பாடும் உண்டு. இல்லையென்றால், நடந்து போகும் தூரத்தில் அரைநாள் விளையாட்டுப் பள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டு முழுக்க வீட்டில் கைப்பேசியோடு கழியும் என்றால், காத்திருக்கச் சொன்னதை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

'உன் இஷ்டம்' என்றவரிடம், மதியம் பன்னிரண்டரைக்குப் பிள்ளையை யார் அழைத்து வருவது, தாத்தாவா அவரா என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பதில் கிடைத்த பிறகு உங்கள் வேலைக்குத் தேதி குறியுங்கள். பொத்தான் கால்சட்டைகளை இப்போதே கட்டி வைத்துவிட்டு, எலாஸ்டிக் வைத்ததாக நான்கு வாங்கிவிடுங்கள். எங்கே போனாலும் அவனுக்கு அது உதவும்.